பிள்ளைகளோடு உட்கார்ந்து ரெஸ்லிங் பார்க்கலாமா?

டபிள்யூடபிள்யூஇ மாதிரியான மல்யுத்த நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று மற்ற பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. நீங்களும் கூடவே உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்றால், ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பொறுக்கிக் காட்டலாம். டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். இந்த இரண்டு வரிக்குப் பின்னால் எங்கள் வீட்டில் சில வருஷமாக நடந்த பேச்சு நிறைய இருக்கிறது.

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இந்த ஆர்வம் அவனைத் தொற்றியது. தொற்றவைத்தது என் தம்பி. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அண்டர்டேக்கர் என்ற மல்யுத்த வீரர் என்றால் உயிர். வீட்டுப் பெரியவர்கள் உடனே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்துவது சுலபம்தான். ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ரோமன் ரெய்ன்ஸ், ஜான் சீனா என்று பேசிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் தடுத்தால் அவன் வேறு யார் கைபேசியிலாவது பார்ப்பான். அங்கே நான் இருக்க மாட்டேன். அதனால் அவனுக்கு முன்னால் நான் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு இதில் ஆர்வம் கிடையாது. ஆனால் பிள்ளை எதை ரசிக்கிறான் என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாதே.

எல்லோரும் முதலில் நம்புவது திரை ஓரத்தில் வரும் வயது முத்திரையை. அமெரிக்க முறையில் செய்திக்கும் விளையாட்டு ஒளிபரப்புக்கும் அந்த முத்திரை கிடையாது. ரெஸ்லிங்குக்கு உண்டு, ஏனென்றால் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவு செய்யப்பட்ட நிகழ்ச்சி அது. இதை டபிள்யூடபிள்யூஇ நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் ஒப்புக்கொண்டது. விளையாட்டுகளுக்கான அரசுக் கட்டுப்பாடுகள் தங்களுக்குப் பொருந்தாது என்று காட்டுவதற்காக. 1990களின் கடைசியில் வந்த எபிசோடுகளில் ரத்தம், கெட்ட வார்த்தை, பெண்களின் உடையை உருவும் போட்டி எல்லாமே இருந்தன. 2008 ஜூலையில்தான் பிஜி முத்திரைக்கு மாறினார்கள். வேண்டுமென்றே ரத்தம் வரவைப்பது நின்றது. 2010இல் நாற்காலியால் தலையில் அடிப்பதைத் தடை செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் இப்போது குழந்தைகள் நிகழ்ச்சிதானே' என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பிஜி என்றால் பெற்றோர் கூட இருந்து வழிநடத்த வேண்டும் என்று பொருள். பிள்ளைகளுக்காக எடுத்தது என்று யாரும் உறுதி தரவில்லை. 2024 மார்ச்சில் ரா என்ற அவர்களுடைய வாராந்திர நிகழ்ச்சியில், ராக் என்ற வீரர் கொட்டும் மழையில் கோடி ரோட்ஸ் என்ற வீரரை அடித்துப் போட்டார். முகமெல்லாம் ரத்தம். பிள்ளைகள் சினிமாவில் பார்த்துப் பழகிய, அவர்களுக்குப் பிடித்த அதே ராக். எல்லாம் பிஜி காலத்தில்தான் நடந்தது. அதனால் முத்திரை எதுவாக இருந்தாலும் அந்த வாரம் என்ன வந்தது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் காட்டுவது என் வழக்கம். நேரலையாகக் காட்டுவதில்லை. மறுநாள் பார்த்தால் ஓட்டிவிடலாம், நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம். தூங்கும் நேரமும் கெடாது.

பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லவே கூடாத ஒரு வாக்கியம் இருக்கிறது. யாரோ ஒருவர் தூக்கி எறியப்பட்டதைப் பார்த்து என் மகள் அழுதபோது, என் தம்பி அவளைச் சமாதானப்படுத்த அதைத்தான் சொன்னான். "அழாதடா கண்ணு, அது எல்லாம் சும்மா. யாருக்கும் வலிக்காது."

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகன் அடுத்த சில நாளிலேயே அவளைத் தோளில் தூக்கிக் கட்டிலில் போடப் பார்த்தான். கட்டிலின் ஓரம் அவள் முதுகில் இடித்தது. பெரிய அடி இல்லை. அவன் முகத்தில் இருந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மாமா வலிக்காதுன்னு சொன்னாரே" என்றான். அவன் கோபத்தில் அடிக்கவில்லை. வலிக்காது என்று நம்பித்தான் செய்தான்.

'எல்லாம் பொய்' என்பது பாதி உண்மை. முடிவு முன்பே தீர்மானித்தது. விழுவது நிஜம். அந்த மேடை மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதற்கும் மேல் மெல்லிய ஃபோம், கடைசியில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அதில் விழ வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, கைகளை விரித்துத் தட்டி விழுவார்கள். அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவுவதற்காக. அப்படிப் பழகியவர்களுக்கே தவறுகிறது. 1997 ஆகஸ்ட்டில் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் போட்ட ஒரு பைல்டிரைவரில் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அடி) ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதியது. கொஞ்ச நேரம் கை கால் அசைக்க முடியாமல் கிடந்தார். அந்தக் கழுத்துக் காயம் அவரை விடவே இல்லை. 2003இல் ஓய்வுக்குப் போனார். பின்னாளில் ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் அந்த அடியைப் போடவே கூடாது என்று டபிள்யூடபிள்யூஇ தடுத்துவிட்டது.

இதையெல்லாம் நான் மகனிடம் சொன்னேன். பயமுறுத்தச் சொல்லவில்லை, சர்க்கஸ்காரர் கயிற்றில் நடப்பதைப் பார்த்துவிட்டு நாம் மொட்டைமாடிச் சுவரில் நடப்பதில்லையே, அந்த மாதிரிதான் என்று சொன்னேன். அது அவனுக்குப் பிடிபட்டது. இரண்டாவதாக அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது, மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. ஒருவர் இன்னொருவரைத் தூக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தூக்கப்படுபவர் தானே ஒரு எட்டு குதிக்கிறார். அவர் கை தூக்குபவரின் தொடையில் ஊன்றியிருக்கிறது. கீழே வரும்போது வில்லனாக நடிப்பவரின் உள்ளங்கை எதிராளியின் பின்தலையைத் தாங்குகிறது. இன்னொரு தடவை, இரண்டு பேரும் தரையில் கிடக்கும்போது ஒருவர் மற்றவரின் கையை லேசாக அழுத்துவதை அவனே கண்டுபிடித்தான். "சரியா இருக்கியான்னு கேக்கிறாரா அம்மா?" என்றான். ஆமாம், அதற்குத்தான் அப்படி அழுத்துகிறார்கள். நிஜமாகவே அடிபட்டுவிட்டால் நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் காட்டுவார் என்று என் தம்பி சேர்த்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் பார்க்கும் விதமே மாறிவிட்டது. யார் யாரை அடித்தார்கள் என்பதோடு, யார் யாரைப் பத்திரமாக இறக்கினார்கள் என்பதும் கண்ணில் பட ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், இந்த ஒரு விஷயத்துக்காகவே சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

பார்த்ததைப் பிள்ளைகள் செய்வார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்து, அதன் மேல் உட்கார்ந்து குத்துவதைப் பார்த்த குழந்தைகள், அதே அடியை அதே மாதிரி அடித்தார்கள். 1965இல் அவர் வெளியிட்ட அடுத்த சோதனைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் அதைக் குறைவாகச் செய்தார்கள். ஆனால் 'செய்து காட்டினால் பரிசு' என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். பார்த்தது எல்லாம் உள்ளே பதிந்துதான் இருந்தது.

இதை ரெஸ்லிங்கோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. வில்லன் என்ன செய்கிறான் என்பதைவிட, கதாநாயகன் என்ன செய்கிறான், அதற்குக் கூட்டம் எப்படிக் கை தட்டுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வில்லன் பின்னாலிருந்து நாற்காலியால் அடித்தால் கூட்டமே கத்தித் திட்டுகிறது. அது தப்பு என்று குழந்தைக்கு நாம் சொல்லவே வேண்டாம். அதே நாற்காலியைப் பிள்ளைகளுக்குப் பிடித்த கதாநாயகன் எடுத்துப் பழிவாங்கும்போது அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. அங்கேதான் நிறுத்தி, "அவன் செஞ்சா தப்பு, இவர் செஞ்சா சரியா?" என்று கேட்கிறேன். மகன் யோசிப்பான். சில நாள் என்னோடு வாதாடுவான். வாதாடட்டும், அதுவே நல்லதுதான். 1990களின் கடைசியில் வந்த எபிசோடுகளை நான் ஒதுக்கிவைக்க முக்கியக் காரணமும் இதுதான். அந்தக் காலத்தின் பெரிய நாயகனே நடுவிரல் காட்டி, பீர் குடித்து, முதலாளியை அடிப்பவர். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை பார்த்துப் பழக அவர் சரியான நாயகன் இல்லை.

அடிதடியைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பேச்சுதான். இந்த நிகழ்ச்சியில் சண்டை நடக்கும் நேரத்துக்கு இணையாக மைக்கைப் பிடித்துப் பேசும் நேரம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் உடம்பை, குடும்பத்தை, தோல்வியைக் கேலி செய்வார். கூட்டம் சேர்ந்து கத்தும். பிள்ளைகள் ஆளைத் தூக்கி எறிவதை எப்போதாவது ஒரு தடவைதான் முயல்வார்கள். பேச்சு மறுநாளே பள்ளிக்குப் போய்விடும். என் மகனின் வகுப்பில் ஒரு பையனை நாலைந்து பேர் சுற்றி நின்று, அரங்கில் கத்துவது மாதிரியே ராகம் போட்டுக் கிண்டல் செய்ததாக ஆசிரியை சொன்னார். அந்தக் கூட்டத்தில் என் மகனும் இருந்தான். அன்று மாலை அவனோடு நீண்ட நேரம் பேசினேன். மேடையில் கேலி கேட்பவர் சம்பளம் வாங்கிக்கொண்டு, தெரிந்தே, சம்மதித்துக் கேட்கிறார். வகுப்பில் அந்தப் பையன் சம்மதிக்கவில்லை. இந்த வித்தியாசம் புரியாத வயதில் ரெஸ்லிங் காட்டக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். மகன் அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டான். பேச்சுப் பகுதிகளில் பெரும்பாலானதை இன்னும் நான் ஓட்டித்தான் விடுகிறேன்.

மகளுக்காக வேறு சில விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய நிகழ்ச்சிகளில் பெண்கள் வந்த விதம் ஒரு சின்னப் பெண் பார்க்கத் தகுந்ததே இல்லை. இது மாற வருஷங்கள் ஆயின. 2016இல், வருஷத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 32இல், பட்டாம்பூச்சி வடிவத்தில் இருந்த 'திவாஸ்' பட்டத்தை எடுத்துவிட்டு, ஆண்களுடையதைப் போலவே ஒரு பெண்கள் சாம்பியன் பட்டம் வைத்தார்கள். 2019இல் ரெஸில்மேனியாவின் கடைசிப் பெரிய போட்டியை முதல்முறையாகப் பெண்கள் ஆடினார்கள்: பெக்கி லிஞ்ச், ரோண்டா ரவுசி, சார்லட் ஃபிளேர். அதை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் போட்டியைவிட பெக்கி லிஞ்ச் நடந்து வந்த விதத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நிமிர்ந்து, அவசரமில்லாமல், யாரைப் பார்த்தும் சிரிக்காமல். கொஞ்ச நாள் வீட்டுக்குள் அப்படித்தான் நடந்தாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

2025 மார்ச்சில் ஒரு பெரிய சோதனை வந்தது. ஜான் சீனா இருபது வருஷத்துக்கும் மேலாகப் பிள்ளைகளின் நாயகன். நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் அமைப்பு மூலம் 650 பேருக்கு மேல் சந்தித்தவர். டொரண்டோவில் நடந்த எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சியில் அவர் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்து, அப்படியே ஏமாற்றி அடித்து வில்லனாக மாறினார். என் மகனுக்கு அப்போதே இது கதை என்று நன்றாகத் தெரியும். இருந்தும் முகம் வாடிவிட்டது. மகள்தான் கேட்டாள்: "அப்போ அந்தப் பிள்ளைகளைப் பாத்ததும் நடிப்பா?" இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. மேடையில் வில்லனாக வருவது அவருக்குக் கொடுத்த வேஷம், நோயுற்ற பிள்ளைகளைச் சந்தித்தது அவர் நிஜமாகவே செய்தது என்று மெதுவாகச் சொன்னேன். ஒரு மனிதரையும் அவர் போடும் வேஷத்தையும் தனித்தனியாகப் பார்க்க அவள் கற்றுக்கொண்டது அன்றுதான். கதைப் புத்தகம் எதிலும் அவளுக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

பெற்றோர் அதிகம் கவனிக்காத இடம் யூடியூப். முழு நிகழ்ச்சியைப் பொறுக்கிக் காட்டிவிட்டு, துண்டு வீடியோக்களுக்குக் கைபேசியைக் கொடுத்தால் எல்லாம் வீண். போன வாரச் சண்டையைப் பார்த்து முடித்தவுடன் தானாக ஓடும் அடுத்த வீடியோ 1998 ஜூனில் மேன்கைண்ட் என்ற வீரர் கூண்டின் உச்சியிலிருந்து, ஏறக்குறைய 16 அடி உயரத்திலிருந்து, மேசை மேல் விழுந்ததாக இருக்கலாம். தேதியும் இல்லாமல், பழையது என்ற எச்சரிக்கையும் இல்லாமல் வரும். இன்னொன்று, 2023 செப்டம்பரிலிருந்து டபிள்யூடபிள்யூஇயும், நிஜச் சண்டைப் போட்டிகள் நடத்தும் யுஎஃப்சியும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ரெஸ்லிங் நடுவே யுஎஃப்சி விளம்பரம் வரும். சின்னப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அங்கே அடிப்பது நிஜம், ரத்தமும் நிஜம். எங்கள் வீட்டில் தானாக ஓடுவதை நிறுத்திவைத்திருக்கிறேன். துண்டு வீடியோக்கள் ஹாலில் பெரிய திரையில் மட்டும்தான்.

விளையாட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் கட்டிப்புரண்டு விளையாடுவதை நான் தடுப்பதில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தால், மாறி மாறி ஜெயித்தால், அது விளையாட்டு. ஒருத்தர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டால் அங்கேயே முடிந்தது. தூக்குவது, உயரத்திலிருந்து குதிப்பது, கழுத்தைத் தொடுவது, கையில் பொருள் எடுப்பது, இந்த நாலும் யார் வீட்டிலும் எந்தக் காரணத்துக்கும் கிடையாது. கழுத்தைப் பிடிப்பதை மட்டும் தனியாக அழுத்திச் சொல்கிறேன். மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டால் சில நொடியிலேயே மயக்கம் வரும், பிள்ளைக்கு அது தெரியாது.

ரெஸ்லிங்கிலிருந்தே எடுத்த ஒரு பழக்கமும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. பிடியில் மாட்டியவர் தரையிலோ எதிராளி மேலோ தட்டினால் உடனே விட வேண்டும். 'தட்டினா விட்டுடணும்' என்பது இப்போது எல்லா விளையாட்டுக்கும் சட்டம். கிச்சுகிச்சு மூட்டும்போதுகூட மகள் தட்டுவாள், என் தம்பி கையை எடுத்துவிடுவான். ஒருநாள் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. மகன் மேசையைத் தட்டினான். எனக்குப் புரிந்தது, நானும் நிறுத்திவிட்டேன்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது ராயல் ரம்பிள் என்ற வருடாந்திரப் போட்டி. 1988இல் தொடங்கியது, இப்போது ஆண்களுக்கு 30 பேர்; 2018இலிருந்து பெண்களுக்கும் தனியாக 30 பேர். இரண்டு பேரோடு தொடங்கும்; அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பத்திலிருந்து கீழே எண்ணும், அடுத்தவர் வருவார். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டால் ஆட்டம் அவுட். மைக் பேச்சு மிகக் குறைவு. அடுத்து யார் வருவார் என்று பிள்ளைகள் சேர்ந்து எண்ணிக்கொண்டே ஊகிக்கலாம். எங்கள் வீட்டில் ஆளுக்குச் சில எண்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்வோம். தன் எண்ணில் வருபவர் தன் ஆள். ஒருமணி நேரத்துக்கு மேல் ஓடும், அதனால் சின்னவர்களுக்கு இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். 2008க்குப் பிந்தையதாகத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து பார்க்க வந்தால், போடுவதற்கு முன்னால் அதன் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.